பாட்டு உட்காரும் இடம்

(நினைவுச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)



பேராசிரியர் கே.ஏ. குணசேகரனை நினைத்துக் கூடியிருக்கிறோம். சிவகங்கைச் சீமையின் மாரந்தையில் பிறந்தவர். கவிஞர் இன்குலாப்பின் ‘மனுசங்கடா’ பாடலைத் தன் குரலால் தமிழகத்தின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவர். ‘வடு’ எழுதியவர். புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தில் நாடகம் கற்பித்தவர். 2016 சனவரியில் புதுச்சேரியிலேயே மறைந்தார். அவரை நினைத்தால் மேடையில் நின்று பாடும் உருவம்தான் நம் கண்முன் வருகிறது. நாங்கள் இன்று பேச வந்திருப்பது மேடைக்கு முந்திய ஒரு கேள்வியை. மேடை ஏறுவதற்கு முன்னால் ஒரு பாட்டு எங்கே உட்கார்ந்திருந்தது? யார் யாரோடு உட்கார்ந்து அதைப் பாடினார்கள்? அந்த இடம் இப்போது இருக்கிறதா?

நாட்டுப்புறப் பாட்டு அழிகிறது என்று கூட்டம்தோறும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சினிமா வந்தது, தொலைக்காட்சி வந்தது, கைபேசி வந்தது, பிள்ளைகள் மறந்துவிட்டார்கள் என்கிறோம். பாடகர்களைத் தேடி ஊர் ஊராக நடந்ததில் எங்களுக்குப் புரிந்தது வேறு. பாட்டை யாரும் முதலில் மறக்கவில்லை. நாலு பேர் சேர்ந்து உட்கார்ந்து பாடுகிற இடம் முதலில் போனது. இடம் போனபிறகு பாட்டு மெல்ல மெல்லப் போனது. இதைத்தான் விளக்க முயல்கிறோம்.

1. இரும்பை

எங்கள் ஊர் இரும்பை, விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில் இருக்கிறது. ஒரு பக்கம் புதுச்சேரி எல்லை, இன்னொரு பக்கம் ஆரோவில். வடக்கே கடற்கரைச் சாலையில் போனால் மரக்காணம் உப்பளங்கள். எங்கள் மக்களில் சிலர் உப்பளத்துக்கும், சிலர் கட்டட வேலைக்கும், சிலர் முந்திரித் தோப்புக்கும் போகிறவர்கள்.

ஊரில் மாகாளேசுவரர் கோயில் இருக்கிறது. சம்பந்தர் பாடிய தலம். அந்தக் கோயிலோடு கடுவெளிச் சித்தர் கதை ஒன்றும் சேர்ந்திருக்கிறது. சித்தரின் தவத்தால்தான் மழை பொய்த்தது என்று நினைத்த அரசன், அதைக் கலைக்க ஒரு ஆடல் பெண்ணை அனுப்புகிறான். தவம் கலைகிறது. பின்னொரு நாள் திருவிழாவில் அவள் ஆடும்போது காற்சிலம்பு கழன்று விழுகிறது. சித்தர் அதை எடுத்து அவள் காலில் பூட்டுகிறார். கூட்டம் அவரைப் பார்த்துச் சிரிக்கிறது. சிரித்தவர்களுக்குச் சித்தர் ஒரு பாட்டால் பதில் சொல்கிறார். லிங்கம் வெடித்துச் சிதறுகிறது.

கதையை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். எங்களுக்கு அதில் ஒரு சமூகவியல் பாடம் இருக்கிறது. சம்பந்தர் பாட்டைக் கோயில் தனக்குள் வைத்துக்கொண்டது. அதை ஓதுவதற்கு ஆளும், நிற்பதற்கு இடமும், பாடுவதற்கு வேளையும் ஒதுக்கியது. ஆயிரத்து முந்நூறு ஆண்டு கழித்தும் அது நிற்கிறது. கேலிக்குப் பதில் சொன்ன பாட்டுக்குக் கோயிலுக்குள் இடம் இல்லை, தெருவும் மரத்தடியும்தான். சேரிப் பாட்டுக்கு அந்த மரத்தடியும் சும்மா கிடைக்கவில்லை.

2. நம்மவர் பாடிய இடங்கள்

நம் மக்கள் எங்கெல்லாம் பாடினார்கள் என்று எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது, வேலை நடக்கும் இடம். நடவு வயலில் பெண்கள் பாடினார்கள். ஏற்றத்தில் ஆண்கள் பாடினார்கள். வயலுக்கு மட்டும் இல்லை, உப்புப் பாத்திக்கும் ஒரு காலத்தில் ஏற்றத்தால்தான் நீர் இறைத்தார்கள். ஏற்றப் பாட்டில் எண்ணிக்கை இருக்கும். எத்தனை சால் இறைத்தோம் என்ற கணக்கைப் பாட்டே வைத்துக்கொள்ளும். மோட்டார் பம்பு வந்த அன்று ஏற்றம் நின்றது. கணக்குக்குப் பாட்டு தேவைப்படவில்லை. அந்த உழைப்பு ஒழிந்ததற்காக நாங்கள் அழப்போவதில்லை.

இரண்டாவது, சாவு வீடு. ஒப்பாரியும் பறையும் இரவெல்லாம் நடக்கும். கருமாதி இரவில் கர்ண மோட்சம் கூத்து நடக்கும். சென்னைக்குப் போனால் அதுவே மரண கானா.

மூன்றாவது, ஊர்த் திருவிழா. இங்கே நம்மவர் அடித்தது கடமைக்காக. ஊர் கூப்பிட்டால் போக வேண்டும், மறுத்தால் அடி விழும். பறையடிக்க மறுத்ததற்காகவே எத்தனையோ சேரிகள் ஒதுக்கிவைக்கப்பட்டன, தாக்கப்பட்டன. “இனி அடிக்கமாட்டோம்” என்று பறையைத் தூக்கி எறிந்ததும் நம் போராட்டம்தான். அதே பறையைப் பிறகு விடுதலையின் கருவியாகக் கையில் எடுத்ததும் நம் போராட்டம்தான். இன்று பறையாசான் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்கு 2025இல் பத்மஸ்ரீ கிடைத்திருக்கிறது என்றால், அதற்குப் பின்னால் இந்த இரண்டு போராட்டமும் இருக்கின்றன.

இந்த மூன்று இடங்களிலும் பாட்டுக்கு வெளியே ஒரு காரணம் இருந்தது. வேலை முடிய வேண்டும், பிணம் போக வேண்டும், சாமி வர வேண்டும். யாருடைய ஏவலும் இல்லாமல், தமக்காகவே, தம் போன்றவர்களோடு உட்கார்ந்து பாடிய இடம் எது என்று எங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேட்டோம். தயங்கித் தயங்கி எல்லாரும் ஒரே இடத்தைத்தான் சொன்னார்கள். கள்ளுக்கடை.

தயக்கத்துக்குக் காரணம் நமக்குத் தெரியும். குடிகாரச் சாதி என்று நம்மை ஏசியவர்களுக்கு முன்னால் கள்ளுக்கடையைப் பற்றிப் பெருமையாகப் பேச நம்மில் யாருக்கும் மனம் வராது. அதனாலேயே நம் பாட்டின் வரலாற்றில் இந்தப் பக்கம் எழுதப்படவில்லை. 1871இல் சார்லஸ் கோவர் தென்னிந்திய நாட்டுப் பாடல்களைப் புத்தகமாக்கினார். பெர்சி மக்வீன் என்ற ஆங்கில அதிகாரி சேகரித்த பாடல்களை கி.வா.ஜ. பதிப்பித்து 1958இல் ‘மலையருவி’ வந்தது. பிறகு நா. வானமாமலையின் தொகுப்புகள் வந்தன. இவை இல்லாவிட்டால் நம்மிடம் இவ்வளவும் மிஞ்சியிருக்காது. ஆனால் தொகுப்புகளில் பாட்டின் சொற்கள் இருக்கின்றன. பாடியவர் எங்கே உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் யார் இருந்தார், யார் பின்பாட்டுப் பாடினார் என்பது பெரும்பாலும் இல்லை.

3. பெரியப்பா பாடாத பாட்டு

இதை நாங்கள் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் சேரியில் ஒரு பெரியவர் இருந்தார். எங்களுக்குப் பெரியப்பா முறை. ஏற்றப் பாட்டு, லாவணியில் எரிந்த கட்சி எரியாத கட்சி, நல்லதங்காள் கதை எல்லாம் தெரிந்தவர் என்று ஊரே சொல்லும். அவரை வீட்டுக்கு அழைத்து வந்து, நாற்காலி போட்டு, கைபேசியை முன்னால் வைத்துப் பாடச் சொன்னோம். இரண்டு அடி பாடினார். நிறுத்திவிட்டார். மறுபடி அதே இரண்டு அடி. “வரலப்பா” என்றார். மறந்துவிட்டார் போல என்று எங்களுக்குள் பேசிக்கொண்டோம்.

அடுத்த ஞாயிறு புதுவை எல்லைக்குள் இருக்கும் ஒரு கள்ளுக்கடையில் அவரைப் பார்த்தோம். பனைமரத்து நிழல், கீழே மணல், கையில் பட்டை. அவரோடு இன்னும் மூன்று கிழவர்கள். ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் பாடினார். எங்கேயும் தடங்கவில்லை.

அன்றைக்குத்தான் விளங்கியது. பெரியப்பா ஒரு அடியை எடுப்பார். மற்ற மூவரும் அதன் கடைசிச் சொல்லைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பார்கள். அவர்கள் திருப்பிக் கொடுக்கும் அந்த நேரத்தில்தான் அவர் அடுத்த அடியைத் தேடிக் கட்டுவார். பின்பாட்டு என்பது அலங்காரம் என்று நினைத்திருந்தோம். அது முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்கும் இடம், யோசிக்கும் இடம். வார்த்தை சிக்கினால் பக்கத்திலிருப்பவர் எடுத்துக் கொடுப்பார். தப்பாகப் போனால் இன்னொருவர் சிரிப்பார். சிரிப்புக்கும் பாட்டிலேயே பதில் வரும். நாலு பேருக்குள் கிடந்த பாட்டை நாங்கள் ஒரு ஆளிடமிருந்து பிடுங்கப் பார்த்திருக்கிறோம். “எதிராள் இல்லாம எப்படிப் பாடறது, செவுத்தப் பார்த்தா?” என்று அவர் கேட்டார். சமூகவியல் முதுகலை படித்த எங்களுக்கு அந்தக் கேள்வி பல்கலைக்கழகத்தில் யாரும் சொல்லித் தராத பாடம்.

இன்னொன்றையும் அங்கே பார்த்தோம். அவர் உட்கார்ந்திருந்தார். சொல்வதற்குச் சின்ன விஷயம். ஊர்த் தேநீர்க்கடையில் அவர் தலைமுறை உட்கார்ந்ததில்லை. தனிக் குவளையை வாங்கிக்கொண்டு ஓரமாக நின்றுதான் குடித்தது. ஊருக்கு வெளியே பனந்தோப்பில் அவர் சம்மணமிட்டு உட்கார முடிந்தது. யாழ்ப்பாணத்தில் நம் தோழர்கள் 1960களில் தேநீர்க்கடைக்குள் சமமாக உட்காருவதற்காகவே போராட்டம் நடத்தினார்கள். கோயில் நுழைவுக்கு நிகராக அதையும் வைத்தார்கள். அங்கே கள்ளுக்கடைக்குத் தவறணை என்று பெயர். கே. டானியலின் நாவல்களைப் படித்தவர்களுக்கு அந்த மண்ணில் யார் எங்கே உட்காரலாம் என்பது எவ்வளவு பெரிய வழக்கு என்று தெரியும். சேர்ந்து உட்காருவது சாதிக் கேள்வி. சேர்ந்து பாடுவதற்கு முதலில் சேர்ந்து உட்கார வேண்டும்.

4. இடம் எப்படிப் போனது

1937இல் இராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948க்குள் சென்னை மாகாணம் முழுக்க அது பரவியது. பிரெஞ்சு ஆட்சியிலிருந்த புதுச்சேரியில் விலக்கு இல்லை. எங்கள் பக்கத்து மக்களுக்கு எல்லை என்பதன் பொருளே அதுதான். 1971இல் தமிழகத்தில் கடைகள் திறந்தன, 1974க்குள் மூடின, 1981இல் மீண்டும் திறந்தன. 1987 சனவரி முதல் தேதியோடு கள்ளும் சாராயமும் தடையாயின. 1983இல் தொடங்கிய டாஸ்மாக் நிறுவனம் 2003இல் சில்லறைக் கடைகளையும் தன் கையில் எடுத்துக்கொண்டது. புதுச்சேரியில் மட்டும் கள்ளுக்கடை ஏலம் இன்றும் நடக்கிறது.

இந்த வரலாற்றை எல்லாரும் வருமானக் கணக்காகவோ ஒழுக்கக் கணக்காகவோ பேசுகிறார்கள். பாட்டின் பக்கமிருந்து பார்த்தால் இன்னொரு கணக்கு இருக்கிறது. கள்ளு ஒரே மூச்சில் குடிக்கும் பொருள் இல்லை. புளிப்பு ஏற ஏற, பட்டையைக் கையில் வைத்துக்கொண்டு, சுண்டலோ கருவாடோ கடித்துக்கொண்டு பொழுது போக்குவது. டாஸ்மாக்கில் கம்பிக்குள் கையை விட்டுக் குப்பியை வாங்குகிறோம். பார் என்ற பெயரில் இருப்பதிலும் ஒரு கை பிளாஸ்டிக் தம்ளரில், இன்னொரு கை தண்ணீர்ப் பாக்கெட்டில். பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடும் கடையில் யாரும் யாருக்கும் பின்பாட்டுப் பாடுவதில்லை. குடிக்கும் அளவு குறையவில்லை. கூடியிருப்பதுதான் குறைந்தது.

5. வேறொரு நாட்டுச் சேதி

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய விஷயம் இல்லை என்பதால் ஒரு வெளிநாட்டு உதாரணம் சொல்கிறோம்.

இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்தை ஒட்டிய ஸ்டானிங்டன், டங்வொர்த் போன்ற ஊர்களில், நவம்பர் 11ஐ அடுத்த ஞாயிறு தொடங்கிக் கிறிஸ்துமஸ் வரை, ஊர் மக்கள் பப்களில் கூடிக் கிறிஸ்துமஸ் பாட்டுகளைப் பாடுகிறார்கள். சாமி பாட்டைச் சாராயக் கடையில் ஏன் பாட வேண்டும்? காரணம் எளியது. உள்ளூர் இசைக்காரர்கள் கட்டிய இந்தப் பாட்டுகளைப் பத்தொன்பதாம் நூற்றாண்டில் தேவாலயங்கள் சீர்திருத்தம் என்ற பெயரில் வெளியே தள்ளின. உள்ளே ஆர்கனும் பயிற்சி பெற்ற பாடகர் குழுவும் வந்தன. வெளியே தள்ளப்பட்ட பாட்டைச் சனங்கள் தங்களுக்கு இருந்த ஒரே பொது இடத்துக்குக் கொண்டுபோனார்கள். நூறு ஆண்டுகளுக்கு மேலாகப் பாட்டு அங்கே உயிரோடு இருக்கிறது. கோயிலுக்கு வெளியே நின்றவர்களுக்கு இந்தக் கதை புரியும்.

சஃபோக் மாவட்டத்தின் ஈல்ஸ் ஃபுட் என்ற பப்பில் விவசாயக் கூலிகளும் தொழிலாளிகளும் சனிக்கிழமை இரவுகளில் முறைவைத்துப் பாடுவார்கள். ஒருவர் தலைவராக இருந்து மேசையைத் தட்டி அமைதி கேட்பார். ஒருவர் பாடி முடித்ததும் அடுத்தவரை அழைப்பார். 1939இல் பிபிசி வானொலி இதை ஒலிபரப்பியது. பிறகு 1950களில் இவான் மக்கால் போன்ற இடதுசாரிப் பாடகர்கள் லண்டன் பப்களின் மாடி அறைகளில் வாரம் ஒரு நாள் கூடும் பாட்டு மன்றங்களைத் தொடங்கினார்கள். 1961இல் அவர்கள் நடத்திய மன்றத்தில் ஒரு விதி உண்டு: அவரவர் தம் மண்ணின் மொழியில், தம் மரபின் பாட்டைப் பாட வேண்டும். அமெரிக்கப் பாட்டைக் காப்பியடித்துக்கொண்டிருந்த இளைஞர்கள் அதனால் தங்கள் தாத்தா பாட்டியிடம் போய்ப் பாட்டுக் கேட்டார்கள். மக்கால் குழுவினர் மீனவர்களைப் பற்றி 1960இல் செய்த வானொலிப் பாட்டுக்கதையில், நார்ஃபோக் கடற்கரையின் சாம் லார்னர் என்ற முதிய மீனவரின் குரல் இருக்கிறது. அவரும் தம் ஊர்ப் பப்பில் பாடி வளர்ந்தவர்தான்.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது பப்பையும் பீரையும் இல்லை. மூன்று பழக்கங்களை எடுத்துக்கொள்ளலாம். குறிப்பிட்ட நாளில் தவறாமல் கூடுவது. மேடை இல்லாமல் முறைவைத்துப் பாடுவது. பாடத் தெரியாதவரும் பின்பாட்டில் சேர்வது. அங்கே 2003இல் வந்த உரிமச் சட்டம் பப்பில் பாடுவதற்கே தனி அனுமதி கேட்டது. எதிர்ப்புக்குப் பின் 2012இல் வந்த சட்டம் சிறு கூட்டங்களுக்கு விலக்குக் கொடுத்தது. சேரியில் நாலு பேர் பறையோடு உட்கார்ந்தால் என்ன கூட்டம் என்று விசாரணை வரும் நம் ஊரில், பாடுவதற்கான இடம் சட்டப் பிரச்சினையும்தான் என்பதைச் செயல்பாட்டாளர்கள் கவனிக்க வேண்டும்.

6. கள்ளுக்கடையைப் புகழ வரவில்லை

இங்கே நிறுத்திக்கொண்டால் நாங்கள் பொய் சொன்னவர்கள் ஆவோம்.

2023 மே மாதம் மரக்காணம் அருகே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்து மீனவத் தொழிலாளிகள் செத்தார்கள். அதே நாட்களில் செங்கல்பட்டுப் பக்கத்திலும் சாவு. இரண்டு பக்கமும் சேர்த்து 20 பேருக்கு மேல். அடுத்த ஆண்டு சூன் மாதம் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60 பேருக்கு மேல் செத்தார்கள். அங்கே செத்தவர்களில் பெரும்பகுதி நம்மவர்கள். மாலையில் வேலை முடிந்து வந்த உடம்புக்கு மலிவாகக் கிடைத்ததைக் குடித்தவர்கள். அந்தத் தெருவில் வரிசையாகப் பாடைகள் கிடந்ததைப் பார்த்த பிறகு, குடிக்கும் இடத்தைப் பண்பாட்டு இடம் என்று பேசுவதற்கு நாக்கு கூசத்தான் வேண்டும்.

கள்ளுக்குத் தடை நீக்க வேண்டும் என்ற கோரிக்கை தனி வழக்கு. பனையேறிகளின் பிழைப்பு அதில் இருக்கிறது. அதை வேறொரு நாள் பேசலாம். கள்ளுக்கடையில் சாதி இல்லாமல் இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். மற்றச் சாதிக்காரர் வந்தால் நம்மவர் தள்ளி உட்கார்ந்த கடைகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே பெண்கள் இல்லை. பெரியப்பாவும் மூன்று கிழவர்களும் பாடிக்கொண்டிருந்த நேரத்தில், அவர்கள் வீட்டுப் பெண்கள் அன்றைய கூலியில் மிச்சம் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

நாங்களும் ஒரு தவறு செய்தோம். பெரியப்பாவின் பாட்டு வேண்டும் என்ற ஆசையில் அடுத்த ஞாயிறு அந்தக் கடையில் நால்வருக்கும் நாங்களே காசு கொடுத்தோம். சேதி வீட்டுக்குப் போய்விட்டது. மறுநாள் பெரியம்மா எங்களைத் தெருவில் நிறுத்திவைத்துக் கேட்டார். “கள்ளு வாங்கிக் குடுத்துப் பாட்டு வாங்கறீங்களாடா? படிச்ச புள்ளைங்கதானே நீங்க? பாட்டு வேணும்னா ஊட்டுக்கு வாங்க. சோறாக்கிப் போடறன். உக்காந்து பாடுங்க.” பதில் சொல்ல எங்களுக்கு வாய் வரவில்லை.

7. ஒரே உலை

பெரியம்மா கோபத்தில் சொன்னதை நம் இயக்கத்தில் ஒருவர் முன்பே கோட்பாடாகச் சொல்லியிருக்கிறார். பரட்டை அண்ணன் என்று அழைக்கப்பட்ட ஜே. தியோபிலஸ் அப்பாவு. 1940இல் பிறந்து 2005இல் மறைந்தவர். மதுரையில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்தவர். கர்நாடக இசையையும் மேற்கத்திய இசையையும் விட்டுவிட்டு கிராமத்து மெட்டில் வழிபாட்டுப் பாடல்களைக் கட்டினார். தனிக்குரல் நட்சத்திரத்தை அவர் விரும்பவில்லை. எல்லாரும் சேர்ந்து பாட வேண்டும், தேவைப்பட்டால் மாற்றிப் பாட வேண்டும் என்றார். ஒரே உலையில் பொங்கிச் சேர்ந்து சாப்பிடுவதைத் தம் இறையியலின் நடுவில் வைத்தார். சேர்ந்து உண்ணாத சாதிச் சமூகத்தில் ஒரே உலை என்பது எவ்வளவு பெரிய சொல் என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பெண்கள் பறை எடுக்க மாட்டார்கள் என்ற வாதத்தையும் திண்டுக்கல் சக்தி கலைக்குழுவின் பெண்கள் உடைத்துவிட்டார்கள். மகாராட்டிரத்தில் அம்பேத்கரிய ஜல்சாக் குழுக்களும், வாமன்தாதா கர்டக் போன்ற பாடகர்களும் சேரி சேரியாகப் போய்ப் பாட்டால் இயக்கம் கட்டினார்கள். நெல்லூர் துபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புக்காக மாலையில் கூடிய பெண்கள்தான் 1992இல் சாராயக் கடையை மூடவைத்தார்கள். எங்கள் பக்கத்திலும் 1990ஐ ஒட்டிய ஆண்டுகளில் புதுச்சேரி அறிவொளி இயக்கம் பாட்டோடும் வீதி நாடகத்தோடும்தான் தெருவுக்கு வந்தது. மாலையில் தவறாமல் கூடும் ஒரு இடம் இருந்தால் அங்கிருந்து எதுவும் தொடங்கலாம் என்பதற்கு இவை சான்று.

எங்கள் கூடுகை அப்படித்தான் தொடங்கியது. சனிக்கிழமையை வேண்டுமென்றே தேர்ந்தெடுத்தோம். கட்டட வேலைக்குக் கூலி கைக்கு வரும் நாள் அது. டாஸ்மாக் வரிசை நீளும் நாளும் அதுதான். மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, இரவு ஏழு மணிக்கு, இரவுப் பள்ளி நடக்கும் கொட்டகையில். பெண்கள் அரிசி கொண்டுவருவார்கள், ஆண்கள் சமைப்பார்கள். இந்த ஒரு விதியை நடைமுறைக்குக் கொண்டுவர ஆறு மாதம் ஆனது. வைக்கோல் கொளுத்திப் பறையைக் காய்ச்சுவோம். வட்டமாக உட்காருவோம். மைக் இல்லை. முறை வரும்போது பாடலாம், பாடாமல் அடுத்தவருக்கு விடலாம். பாடுகிறவர் இந்தப் பாட்டை யாரிடம் கற்றேன் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். குடித்துவிட்டு வருகிறவரை விரட்டுவதில்லை. குடிப்பதற்கு இங்கே இடம் இல்லை. கைபேசியில் பிடிப்பது பாடியவர் சம்மதத்தோடு மட்டும்.

உப்பளத்து வேலை மழைக்காலத்தில் நின்றுவிடும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மரக்காணம் பக்கத்து உறவினர்களும் வருவார்கள். வயிறு காயும் மாதங்கள்தான் பாட்டு நிறையும் மாதங்கள். இதில் மகிழ்ச்சிப்பட ஒன்றும் இல்லை. உண்மை அப்படி இருக்கிறது. வேலையில்லாத மாதத்துக்கு நிவாரணம் கேட்கும் மனுவையும் அந்தக் கூடுகையிலேயே எழுதுகிறோம்.

8. எங்களுக்குச் சிக்கலானவை

வெற்றிக் கதை சொல்லி முடிக்க எங்களுக்கு விருப்பமில்லை. சில சனிக்கிழமைகளில் ஐந்து பேர்தான் வந்தோம். இளைஞர்கள் கானாவும் சினிமாப் பாட்டும் பாடினார்கள். முதலில் தடுத்தோம். பிறகு கானாவும் நம் சாவு வீட்டில் பிறந்ததுதானே என்று வாயை மூடிக்கொண்டோம். இப்போது அவர்களே கானா மெட்டில் புதுப்பாட்டுக் கட்டுகிறார்கள்.

பெரிய சிக்கல் வேறு. பக்கத்தில் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. அவர்களிடம் நாங்கள் கேட்டறியாத பாட்டுகள் இருக்கின்றன. அழைத்தோம். வந்தார்கள். வட்டத்தில் உட்காராமல் கொட்டகையின் ஓரத்தில் நின்றார்கள். ஊர்த் தேநீர்க்கடையில் நம் பெரியப்பா நின்றது போலவே நின்றார்கள். அவர்களை ஓரத்தில் நிற்கவைத்தது நாங்களும்தான் என்பதை அன்று எங்களால் மறுக்க முடியவில்லை. மூன்றாவது கூடுகையில் எங்கள் பெண்கள் எழுந்துபோய் அவர்களோடு ஓரத்தில் உட்கார்ந்தார்கள். வட்டம் அந்தப் பக்கமாக நகர்ந்தது. இன்னும் முழுசாகச் சேர்ந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். நமக்குக் கீழே ஒருவரை நிறுத்திக்கொண்டு நாம் பாடும் விடுதலைப் பாட்டு யாரையும் விடுவிக்காது.

பெரியப்பா எங்கள் முதல் கூடுகைக்கு முன்பே இறந்துவிட்டார். ஈரல் கெட்டு. அவர் பாட்டில் எங்களிடம் ஒலியாக மிஞ்சியது வீட்டில் பாடிய அந்த இரண்டு அடி மட்டும். கள்ளுக்கடையில் பாடிய ஒரு மணி நேரத்தை நாங்கள் பதிவு செய்யவில்லை. அதைக் கேட்டவர்கள் என்ற சாட்சி மட்டும்தான் நாங்கள்.

முதல் கூடுகையில் அந்த இரண்டு அடியையும் கைபேசியிலிருந்து போட்டுக் காட்டினோம். போட்டு முடித்ததும் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பெரியம்மா மூன்றாவது அடியை எடுத்தார். பிறகு நான்காவது. ஏற்றத்தில் அவர் ஒரு நாளும் ஏறியதில்லை. தண்ணீர் பாயும் வயலில் மடை திருப்பிக்கொண்டு நின்றபோது காதில் விழுந்தது என்றார். முழுப் பாட்டும் அவருக்கு வராது. அங்கங்கே விட்டுப்போன அடிகளை வந்திருந்த இன்னும் இரண்டு கிழவிகள் எடுத்துக் கொடுத்தார்கள். ஆண்களின் பாட்டு என்று நாங்கள் முடிவு கட்டிவைத்திருந்தது பெண்களின் காதில் பத்திரமாக இருந்திருக்கிறது. நாங்கள் அவர்களிடம் கேட்கவே இல்லை.

மாணவத் தோழர்களுக்கு எங்கள் வேண்டுகோள் இதுதான். ஆய்வுக்காகப் பாட்டுச் சேகரிக்கப் போகிறவர்கள், பாடகரைத் தனியாக அழைத்து உட்காரவைக்காதீர்கள். அவருக்குப் பின்பாட்டுப் பாடியவர்களையும், அவர் வீட்டுப் பெண்களையும் சேர்த்து உட்காரவையுங்கள். நீங்களும் அவர்களோடு கீழே உட்காருங்கள். இயக்கத் தோழர்களுக்கு: ஆண்டுக்கு ஒரு முறை பெரிய மேடை போட்டுக் கலைவிழா நடத்துகிறோம், நல்லது. அதே காசில், அதே உழைப்பில், உங்கள் சேரியில் மாதம் இரண்டு இரவு ஒரு உலை ஏற்றிப் பாருங்கள். அம்பேத்கர் மன்றம் இருந்தால் அங்கே, இல்லாவிட்டால் தெருமுனையில்.

எங்கள் ஊர்க் கொட்டகையில் அடுத்த கூடுகை வரும் சனிக்கிழமை. வருகிறவர்கள் ஒரு பிடி அரிசியும் ஒரு பாட்டும் கொண்டுவாருங்கள். பாட்டு இல்லாவிட்டாலும் பின்பாட்டுக்கு ஆள் வேண்டும்.

ஜெய்பீம்.